பழைய ரேடியான் செவன் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா? எச்பிஎம் மெமரி போனால் மாற்ற முடியுமா?

கல்யாண எடிட்டர்:
வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். இப்போது இருப்பது ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 6 ஜிபி. 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டாலே ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்று எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் நின்றுவிடுகிறது. தெரிந்த கடை ஒன்றில் பழைய ரேடியான் செவன் வந்திருக்கிறது, 16 ஜிபி எச்பிஎம்2. "மெமரி போனால் சிப்பை மட்டும் மாற்றித் தருகிறேன், கவலைப்படாதீர்கள்" என்கிறார் கடைக்காரர். அப்படி மாற்ற முடியுமா? இதில் 4096 பிட் என்று போட்டிருக்கிறது, என்னுடையது வெறும் 192. உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்குமா?

சால்டர் மேசை:
மாற்ற முடியாது சார். கார்டு சர்வீஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் உறுதியாகவே சொல்கிறேன்.

உங்கள் 1060-இல் மெமரி சிப்புகள் ஜிபியுவைச் சுற்றி போர்டிலேயே தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். ஒன்று போனால் ஹாட் ஏர் அடித்துக் கிளப்பிவிட்டு வேறு சிப் வைக்கலாம், தினமும் செய்கிற வேலை. ரேடியான் செவனில் கூலரைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் பெரிய சிலிக்கான், அதன் இரு பக்கமும் இரண்டிரண்டாகச் சின்னக் கட்டங்கள். அந்த நான்கும்தான் எச்பிஎம் மெமரி, ஒவ்வொன்றும் 4 ஜிபி. டிராம் எனும் மெமரி சிலிக்கான் துண்டுகளை மெல்லியதாகத் தேய்த்து, மாடி மேல் மாடியாக அடுக்கி, சிலிக்கானையே துளைத்துச் செம்பால் இணைத்திருக்கிறார்கள். ஜிபியுவும் இந்த நான்கும் இன்டர்போசர் என்கிற ஒரே சிலிக்கான் தகட்டின் மேல் ஃபேக்டரியிலேயே பதித்து வருகின்றன. அவற்றை இணைக்கிற மைக்ரோ பம்ப் எனும் ஈயப் புள்ளிகள், சிப்புக்குப் புது ஈய உருண்டை வைக்க நாங்கள் பயன்படுத்தும் ரீபால் ஸ்டென்சிலுக்கெல்லாம் எட்டாத அளவு நுணுக்கமானவை. ஒரு அடுக்கு போனால் மொத்தப் பேக்கேஜும் போச்சு.

4096 பிட் உண்மைதான். அடுக்குக்கு 1024 டேட்டா கம்பிகள். சாதாரண போர்டில் அத்தனை கம்பிகளை இழுக்க இடமில்லை, அதற்காகத்தான் அந்தச் சிலிக்கான் தகடே. கம்பிக்கு நொடிக்கு 2 ஜிகாபிட் வேகம்தான். ஆனால் 1024-ஐ 2-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் (8 பிட் ஒரு பைட்) 256 ஜிபி, நான்கு அடுக்கும் சேர்ந்து நொடிக்கு 1024 ஜிபி! உங்கள் 1060-இல் கம்பிக்கு 8 ஜிகாபிட் ஓடியும் மொத்தம் 192 ஜிபிதான். 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-க்கே 1008. இது 2019 பிப்ரவரியில் வந்த கார்டு. கம்பியின் நீளம் சில மில்லிமீட்டர், வேகமும் குறைவு என்பதால் மெமரி குடிக்கிற மின்சாரமும் குறைவு. நான் பிரித்துப் பார்த்த கார்டுகளில் இதைப்போல் அழகான வேலை வேறு எதிலும் இல்லை.

ஆனால் உங்கள் ரிசால்வ் நிற்பது மெமரியின் வேகம் போதாமல் அல்ல, மெமரியில் இடம் போதாமல். அந்தப் பிரச்சினைக்கு எந்த 16 ஜிபி கார்டும் மருந்துதான்.

பழைய கார்டு பிரியன்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. எச்பிஎம் கேம் கார்டுகளில் நிலைக்காததற்கு இடமும் விலையும்தான் காரணம். 2015-இல் ஏஎம்டியின் ஃபியூரி எக்ஸ் கார்டு வந்தபோது அடுக்குக்கு 1 ஜிபி, ஆக மொத்தமே 4 ஜிபி. 2017-இல் வேகா, அப்புறம் இந்த ரேடியான் செவன். அதே 2019 ஜூலையில் வந்த 5700 எக்ஸ்டி, போர்டில் தனித்தனியாக உட்காரும் ஜிடிடிஆர்6 மெமரிக்குத் திரும்பிவிட்டது. நொடிக்கு 448 ஜிபிதான், ஆனால் போர்டும் மெமரியும் மலிவு. இப்போது எச்பிஎம் போவதெல்லாம் ஏஐ சர்வர்களுக்கு. என்விடியாவின் எச்100 ஏஐ கார்டு ஒன்றிலேயே 80 ஜிபி, நொடிக்கு 3.35 டிபி. செய்கிற பெரிய கம்பெனிகளோ எஸ்கே ஹைனிக்ஸ், சாம்சங், மைக்ரான் என்று மூன்றுதான்.

ரேடியான் செவனை ஈத்தீரியம் என்ற கிரிப்டோ நாணய மைனிங்கில் போட்டு வறுத்தவர்கள் நிறைய. 2022 செப்டம்பரில் அது நின்றதும் சந்தைக்கு வந்தவைதான் பல. இது சேர்ந்த வேகா வரிசைக்குப் புது டிரைவர் வருவதும் குறைந்துவிட்டது. நீங்கள் ஓட்டுகிற ரிசால்வ் பதிப்பு இதில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கல்யாண எடிட்டர்:
நன்றி இருவருக்கும். நாளை கடைக்குப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

சால்டர் மேசை:
கார்டு மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் வல்கன் மென்பொருளை அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஓடும்போதே மெமரி சூட்டையும் ஜங்ஷன் (ஜிபியுவின் மிகச் சூடான புள்ளி) சூட்டையும் தனித்தனியாகக் கவனியுங்கள். மெமரி 90 டிகிரியைத் தாண்டி அங்கேயே நின்றால் எனக்குப் பிடிக்காது.

கூலரை யாராவது கழற்றினார்களா என்று கேளுங்கள். கம்பெனியில் சூடு கடத்தும் பேஸ்டுக்குப் பதில் கிராஃபைட் ஷீட் வைத்திருப்பார்கள், ஒருமுறை கழற்றினால் கிழிந்துவிடும். அதையே திரும்ப வைத்து மூடியிருந்தால் சூடு கன்னாபின்னாவென்று ஏறும். அப்படியென்றால் சுத்தமாகத் துடைத்து, ஜிபியு மேலும் நான்கு அடுக்குகள் மேலும் பேஸ்ட் போட வேண்டும். கட்டங்களுக்கு நடுவில் உள்ள இடுக்கை மட்டும் எதைக்கொண்டும் சுரண்ட வேண்டாம். கீழே ஓடுவது அந்த இன்டர்போசர் கம்பிகள்.

"சிப் மாற்றித் தருகிறேன்" என்ற பேச்சுக்காக ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். டெஸ்ட் ஓட்டிய ஸ்கிரீன்ஷாட்டை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.