மறுமடல்: சோதிக்காமலே நோய் சொல்வதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு தலைவரைச் சோதிக்காமலே, தொலைக்காட்சியில் பார்த்ததையும் செய்தித்தாளில் படித்ததையும் வைத்து ‘இவருக்கு இன்ன மனநோய்’ என்று மருத்துவர் ஒருவர் சொல்கிறாரே, அந்தச் செயலுக்கு என்ன பெயர் என்று தொடங்கிய இழை இது. இதுவரை வந்த சொற்கள் நான்கு: தொலைநோயறிதல், காணாக் கணிப்பு, பொய்க்கணிப்பு, நாடிபாராக் கணிப்பு. ஐந்தாவதாக நானும் ஒன்று வைக்கிறேன். ஆனால் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதிலேயே இழையில் கொஞ்சம் குழப்பம் தெரிகிறது. அதனால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். ‘ஃபேக்ட்’ என்ற இதழ் அந்நாட்டு மனநல மருத்துவர்கள் 12,356 பேருக்கு ஒரே கேள்வியை அனுப்பியது: அதிபர் பதவி வகிக்கும் மனத்தகுதி இவருக்கு இருக்கிறதா? 2,417 பேர் பதில் போட்டார்கள். 1,189 பேர் தகுதி இல்லை என்றார்கள். 657 பேர் உண்டு என்றார்கள். மீதி 571 பேர், சொல்லும் அளவுக்கு எங்களுக்கு விவரம் போதாது என்று எழுதினார்கள். என்னைக் கேட்டால் பதில் போட்டவர்களில் மருத்துவராக நடந்துகொண்டவர்கள் அந்த 571 பேர்தான். தகுதி இல்லை என்றவர்களில் சிலர் மனச்சிதைவு என்றே எழுதினார்கள்; ஹிட்லரோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. கோல்ட்வாட்டரை நோயாளியாக உட்காரவைத்து அவர்கள் ஒரு கேள்வி கேட்டதில்லை.

தேர்தலில் தோற்ற கோல்ட்வாட்டர் இதழ் மீது அவதூறு வழக்குப் போட்டார். 1968இல் நடுவர் குழு இழப்பீடாக 1 டாலரும் தண்டத் தொகையாக 75,000 டாலரும் கொடுக்கச் சொன்னது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் அறநெறிக் கோவையில் ஒரு விதியைச் சேர்த்தது. மனநோய் பற்றிப் பொதுவாக மக்களுக்கு விளக்கலாம். ஆனால் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றித் தொழில்முறைக் கருத்து சொல்ல வேண்டுமானால் அவரைச் சோதித்திருக்க வேண்டும், சொல்வதற்கு உரிய அனுமதியும் இருக்க வேண்டும். நிபந்தனை இரண்டு என்பதைக் கவனியுங்கள். இழையில் எல்லோரும் முதலாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

விதியின் பெயரை ‘பொன்னீர் விதி’ என்று ஆக்கலாம் என ஒரு மடல் வந்தது. வேண்டாம். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். கோல்ட்வாட்டர் விதி என்றே இருக்கட்டும். நமக்குச் சொல் வேண்டியது விதிக்கு இல்லை, விதி தடுக்கும் செயலுக்கு.

இனி ஒவ்வொன்றாக.

> தொலைவில் இருந்து செய்வதால் தொலைநோயறிதல் என்பதே பொருத்தம்.

இதை ஏற்க முடியவில்லை. 2020 மார்ச்சில் இந்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்பின் காணொளி அழைப்பில் மருத்துவம் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. தேனியில் இருக்கும் நோயாளியைச் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பார்த்துப் பேசுகிறார். தூரம் இருக்கிறது, ஆனால் நோயாளி தானே வந்திருக்கிறார், கேள்விக்குப் பதில் சொல்கிறார், தேவைப்பட்டால் இரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அது முறையான மருத்துவம். தொலைநோயறிதல் என்ற சொல் நியாயமாக அதற்குப் போய்ச் சேர வேண்டியது. அதையே நாம் ஒரு அறநெறி மீறலுக்கு வைத்தால் நல்ல மருத்துவர்கள் மீது பழி விழும்.

‘காணாக் கணிப்பு’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, சிறியதாகவும் இருக்கிறது. ஆனால் இங்கே ‘காணாமை’ எங்கே இருக்கிறது? தலைவர்களை நாம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். மேடையில், விமானப் படிக்கட்டில், விவாத அரங்கில். அந்தப் பார்வையே போதும் என்ற நம்பிக்கைதான் கோளாறு.

இதற்கு மனநோய் சாராத ஒரு நிகழ்வு நல்ல சான்று. 2005 மார்ச்சில் ஃபுளோரிடாவில் டெர்ரி ஷைவோ என்ற பெண்ணுக்கு உணவு செலுத்தும் குழாயை எடுப்பதா வேண்டாமா என்று நாடே இரண்டுபட்டு நின்றது. பல ஆண்டுகளாக நினைவு திரும்பாத நிலையில் இருந்தவர் அவர். செனட் பெரும்பான்மைத் தலைவர் பில் ஃபிரிஸ்ட் ஓர் இதய அறுவை மருத்துவர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் காணொளியைப் பார்த்துவிட்டு அவையில் எழுந்து, நிரந்தர உணர்விழப்பு என்று மருத்துவர்கள் சொன்னது சந்தேகத்துக்குரியது, கண்முன் காட்டுவதற்கு இவர் எதிர்வினை காட்டுவதுபோல் தெரிகிறது என்றார். அந்த மாதக் கடைசியில் ஷைவோ இறந்தார். உடற்கூறாய்வில் மூளையின் எடை 615 கிராம் என்று தெரிந்தது. இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதி. பார்வைக்குரிய மூளைப் பகுதி அழிந்திருந்ததால் அவருக்குக் கண் தெரிந்திருக்கவே முடியாது. ஃபிரிஸ்ட் பார்க்காமல் சொல்லவில்லை. பார்த்துத்தான் சொன்னார். சோதிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘காணா’ பொருந்தாது.

சோதனை என்று நான் சொல்வது எதை? மனநல மருத்துவர் நோயாளியின் தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ண ஓட்டம் எல்லாவற்றையும் கவனிக்கிறார். காதில் குரல் கேட்கிறதா என்று கேட்கிறார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்கிறார். தூக்கம் எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிக்கிறார். வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார். தைராய்டு, பி12 பார்க்கச் சொல்கிறார். வயதானவர் திடீரென்று உளறினால் சிறுநீர்த் தொற்றா என்று பார்ப்பது மருத்துவ மாணவருக்கும் தெரியும். பத்து நொடிக் காணொளித் துணுக்கில் இவற்றில் எதுவும் இல்லை. தலைவர் தடுமாறினார் என்றால் காது மந்தமாக இருக்கலாம், இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கலாம், உண்மையிலேயே நோயாகவும் இருக்கலாம். எது என்று திரை சொல்லாது.

> சோதிக்காமல் சொல்வது பொய்தானே? பொய்க்கணிப்பு என்று நேராகச் சொல்லிவிடலாம்.

இந்த நண்பரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லுக்குள் தீர்ப்பை வைத்தால் ஒரு பெரிய மனிதருக்கு அநீதி செய்தவர்களாவோம். அவர் செமியோன் குளுஸ்மன், கீவ் நகரத்து மனநல மருத்துவர்.

சோவியத் படைத்தளபதி பெத்ரோ கிரிகோரென்கோ கிரிமிய தாதர் என்ற சிறுபான்மை இனத்தாரின் உரிமைக்காகப் பேசியவர். 1969இல் தாஷ்கண்டில் கைது செய்யப்பட்டார். அங்கிருந்த மருத்துவக் குழு சோதித்துவிட்டு மனநோய் இல்லை என்றது. அரசுக்கு அது போதவில்லை. மாஸ்கோவின் செர்ப்ஸ்கி மனநோய் ஆய்வு நிறுவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்னொரு குழு, ‘சீர்திருத்தக் கருத்துகள்’ கொண்ட சந்தேக நோய் என்று எழுதி மனநோய்ச் சிறைக்கு அனுப்பியது. நாட்டைத் திருத்த நினைப்பதே நோயறிக்கைக்குள் ஒரு அறிகுறியாக ஏறிவிட்டது. 1971இல், இருபதுகளில் இருந்த குளுஸ்மன், கிரிகோரென்கோவைச் சந்திக்க வழியில்லாத நிலையில், கிடைத்த ஆவணங்களைத் துருவிப் பார்த்து, இவருக்கு மனநோய் இல்லை என்று அறிக்கை எழுதினார். நேரில் காணாமல் எழுதிய அறிக்கை என்பதை மறைக்கவும் இல்லை. அதற்கு விலை ஏழாண்டு முகாம் சிறை, நாட்டுக்குள்ளேயே ஒதுக்கிடத்தில் மூன்றாண்டு வாசம். பின்னாளில் அமெரிக்காவில் கிரிகோரென்கோவைச் சோதித்த மனநல மருத்துவர்களும் மனநோய் எதுவும் இல்லை என்றே சொன்னார்கள்.

ஆக, நேரில் உட்காரவைத்துச் சோதித்த செர்ப்ஸ்கி குழு சொன்னது தவறு. முகத்தையே பார்க்காதவர் சொன்னது சரி. இந்த ஒரு வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம் சொல்லை அமைக்க வேண்டும் என்பது என் கட்சி. நேரில் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒரு கேள்வி. தீர விசாரித்தாரா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் குளுஸ்மனும் ‘ஃபேக்ட்’ இதழுக்குப் பதில் போட்ட 1,189 பேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும்.

நாடிபாராக் கணிப்புக்கு ஆதரவாக ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ குறளைக் காட்டியிருந்தார்கள். அங்கே நாடி என்பது வினையெச்சம், ஆராய்ந்து என்று பொருள், கைநாடி அன்று. அப்புறம், ‘நாடி’யும் ‘கணிப்பு’ம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தமிழர் மனம் நேரே வைத்தீசுவரன் கோயில் ஓலைச்சுவடிக்குப் போய்விடும். மருத்துவச் சொல்லுக்கு அந்த வாடை வேண்டாம்.

என் பரிந்துரை: தேராக் கணிப்பு.

தேர்தல் என்றால் ஆராய்ந்து தெளிதல். சித்த மருத்துவத்தில் நாடி, நா, நிறம், மொழி, விழி என்று எட்டையும் பார்ப்பதற்கு எண்வகைத் தேர்வு என்றே பெயர். மருத்துவச் சோதனைக்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் வேர் இது. பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரம் படித்த யாருக்கும் ‘தேரா மன்னா’ நினைவிருக்கும். விசாரிக்காமல் தண்டித்த அரசனைக் கண்ணகி அழைத்த பெயர். அதிகாரம் உள்ளவர் ஆராயாமல் ஒரு மனிதரைப் பற்றி முடிவு சொல்வது என்ற பொருள் ‘தேரா’வில் முழுசாக இருக்கிறது. இலக்கணமும் நேர்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். கணிப்பு என்பதையும் வேண்டுமென்றேதான் வைக்கிறேன். சோதித்துச் சொன்னால் நோயறிதல். சோதிக்காமல் சொன்னால் எவ்வளவு படித்தவர் சொன்னாலும் கணிப்பு, கருத்துக்கணிப்பில் வரும் அதே கணிப்பு.

குளுஸ்மன் செய்ததற்கு ‘நேர்காணா நோயறிக்கை’ என்று தனிச்சொல் வைக்கலாம். செர்ப்ஸ்கி குழு செய்தது நேரில் செய்த தேராக் கணிப்பு.

‘மன’ என்ற முன்னொட்டு வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. கோல்ட்வாட்டர் விதி அந்தச் சங்கத்தின் மனநல மருத்துவர்களை மட்டுமே கட்டும். 2024 ஜூன் 27 தேர்தல் விவாதத்தில் அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் தடுமாறியதும் பார்க்கின்சன் நோயா என்று தொலைக்காட்சியில் மருத்துவர்கள் பேசத் தொடங்கினார்கள். அடுத்த சில நாள்களில் வெள்ளை மாளிகை மருத்துவர், நரம்பியல் சோதனையில் அதற்கான அறிகுறி இல்லை என்று மடல் வெளியிட வேண்டிவந்தது. நரம்பியல் மருத்துவருக்கு இந்த விதி இல்லை. சொல்லாவது அவரையும் உள்ளடக்கட்டும்.

நோய் இல்லை என்று சொல்வதையும் அது உள்ளடக்க வேண்டும். 2017இல் மனநல வல்லுநர்கள் 27 பேர் சேர்ந்து டிரம்ப் ஆபத்தானவர் என்று கட்டுரைத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். எச்சரிப்பது எங்கள் கடமை என்பது அவர்கள் வாதம். அதற்குச் சில மாதம் முன்பே ஆலன் ஃபிரான்சிஸ் எதிர்ப்பக்கம் நின்று நியூயார்க் டைம்ஸுக்கு எழுதியிருந்தார். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-இன் நான்காம் பதிப்புக் குழுவின் தலைவர் அவர். தற்காதல் ஆளுமைக் கோளாறுக்கான அளவுகோலை எழுதியவர். அந்த நோய் என்று சொல்ல வேதனையோ செயல்முடக்கமோ வேண்டும், அது டிரம்ப்பிடம் இல்லை, எதிர்ப்பதானால் அரசியலாகவே எதிர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அரசியலாக எதிர்க்க வேண்டும் என்பதில் நான் அவர் பக்கம். ஆனால் ‘இல்லை’ என்பதும் சோதிக்காமல் சொன்னதுதான். அதுவும் தேராக் கணிப்பே.

ஒரு மறுப்பை நானே எடுத்துவைக்கிறேன். பேச்சில் நம்மில் பலருக்கு ரகர றகர வேறுபாடு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ‘கேஸ் தேறாது’ என்றால் பிழைக்காது என்று அர்த்தம். ‘தேராக் கணிப்பு’ என்று வானொலியில் சொன்னால் ‘பிழைக்கமாட்டார் என்ற கணிப்பு’ என்று கேட்பவருக்குப் படலாம். எழுத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பேச்சுக்கும் நாளிதழ்த் தலைப்புக்கும் ‘சோதிக்காத கணிப்பு’ என்று இணைச்சொல் தரலாம் என்று நினைக்கிறேன். இலங்கை நண்பர்கள் உச்சரிப்பில் வேறுபாடு காட்டுவார்கள். அவர்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்று சொன்னால் உதவும்.

இன்னொன்று, ‘தகுதி’யையும் ‘நோய்’ஐயும் கலக்காதீர்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25ஆம் திருத்தம் அதிபரால் பணியாற்ற முடியவில்லை என்று அறிவிக்கும் வேலையைத் துணை அதிபருக்கும் அமைச்சரவைப் பெரும்பான்மைக்கும் தருகிறது. மருத்துவர் என்ற சொல்லே அதில் இல்லை. நம் அரசியல் சட்டம் 102ஆம் உறுப்பில் சித்த சுவாதீனம் இல்லாதவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது, ஆனால் தகுந்த நீதிமன்றம் அப்படி அறிவித்திருக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே நன்றாக ஆட்சி நடத்தலாம். ஒரு நோயும் இல்லாமல் நாட்டைப் பாழாக்கலாம். ஆகவே ‘பதவித்தகுதி’ தனிச்சொல்லாக இருக்கட்டும்.

நம் ஊர் மேடைகளில் எதிர்க்கட்சிக்காரரை ‘மெண்டல்’, ‘மனநோயாளி’ என்பது இதில் சேராது. அது வசவு. அதற்குக் கலைச்சொல் தேவையில்லை. ஆனால் வெள்ளை அங்கி போட்டவர் அந்த வசவுக்கு நோய்ப்பெயர் எடுத்துக் கொடுத்தால் அது தேராக் கணிப்பு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இங்கே உதவுகிறது: அரசியல் நிலையையோ, சமூகத்தின் அரசியல் நெறிகளோடு ஒத்துப்போகாததையோ வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக்கூடாது. கிரிகோரென்கோவுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு படித்தால் அந்த வரியின் அருமை தெரியும். கலைச்சொல் பதிவில் விளக்கக் குறிப்பாக இதைச் சேர்க்கலாம்.

விதியின் இரண்டாம் நிபந்தனையான அனுமதிக்கு ‘இசைவு’ போதுமா, ‘வெளியிடும் இசைவு’ என்று விரிக்க வேண்டுமா? சோதிக்க ஒப்புக்கொண்ட நோயாளி ஊருக்குச் சொல்லவும் ஒப்புக்கொண்டதாக ஆகாது என்பதால் நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். மருத்துவத் துறை நண்பர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்.