புல்மோட்டைக் கறுப்பு மணலால் சாயத்தண்ணீர் சுத்தமாகுமா?

உப்புவெளிப் பொடியன்:
ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறேன். டைட்டேனியம் டைஒக்சைட்டில் வெயில் பட்டால் தண்ணீரில் உள்ள சாயம் சிதையும் என்று வாசித்தேன், எங்களுக்குத்தான் புல்மோட்டைக் கடற்கரையில் அந்தக் கறுப்பு மணல் கிடக்கிறதே என்று ஒரு பிடியை மெதிலீன் நீலச் சாயம் கரைத்த தண்ணீரில் போட்டு மதில்மேல் வைத்தால் இரண்டு நாளாகியும் ஒன்றுமில்லை. பிறகு ஆய்வுகூடத்து டைட்டேனியம் டைஒக்சைட்டுத் தூள் கொஞ்சம் கிடைத்தது. காய்ச்சி வடித்த நீரில் ஒரே பகலில் நீலம் போய்விட்டது, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் இழுபறி. ஏன்? இதால் ஐதரசனும் எடுக்கலாமாமே?

மூதூர் அக்கா:
தம்பி, அந்தக் கறுப்பு இல்மனைட். டைட்டேனியம் இருக்கிறதுதான், ஆனால் இரும்போடு சேர்ந்து. சாயத்தைச் சிதைக்கும் வேலையைத் தொடங்கவேண்டியவை ஒளி பட்டுக் கிளம்பும் இலத்திரனும் அது விட்டுப்போன துளையும்தான்; இதில் அவை மேற்பரப்புக்கு வருமுன்பே திரும்ப ஒட்டிக்கொண்டு வெறும் சூடாகப் போய்விடும். மணல் பருக்கையும் பெரிது. ஒளி பட்டால் வினையைத் தூண்டும் நல்ல ஒளியூக்கித் தூளில் ஒரு கிராமுக்கே சுமார் 50 சதுர மீற்றர் மேற்பரப்பு. அதற்காகப் பெயின்ற் தூளை வாங்கிவிடாதே, வெயிலில் பெயின்ற் உதிராமல் இருக்க அதற்குச் சிலிக்கா, அலுமினா பூசியிருப்பார்கள்.

பழைய ரசாயனம்:
கடற்கரைக் கிணறுதானே, உப்பும் பைகாபனேற்றும் இருக்கும். ஒளி பட்ட தூள் தண்ணீரில் உண்டாக்கும், சாயத்தைத் தாக்கவேண்டிய ஐதரொட்சில் மூலிகங்களை அவை இடையிலேயே பிடித்துக்கொள்ளும். ஆய்வுகூடத்தில் வென்ற எத்தனையோ கழிவுநீர்ச் சோதனைகள் வெளியே வந்து தோற்பது இதில்தான். நீலம் போனதற்கும் துள்ளாதே. சாயம் தூளில் ஒட்டியிருக்கலாம், நிறமில்லாத வேறு பொருளாகவும் மாறியிருக்கலாம். தூளோடு ஒரு போத்தல் இருட்டில், தூளில்லாமல் ஒன்று வெயிலில் வைத்துப் பார்த்தாயா?

நிலாவெளி:
ஐதரசன் கதை பழசு. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே ஒக்சைட்டை மின்வாயாக வைத்துத் தண்ணீரைப் பிரித்தார்கள். சிக்கல் என்னவென்றால் இதற்குப் புறஊதா வேண்டும், வெயிலில் அது ஏறக்குறைய 5 வீதம்தான். 2021இல் யப்பானில் வேறொரு ஊக்கியோடு 100 சதுர மீற்றர் தட்டுகளை வெயிலில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள், வெயிலின் சக்தியை ஐதரசனாக மாற்றிய உச்ச வினைத்திறனே 0.76 வீதம். சோலார் போட்டு அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பகுத்தால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். வீட்டில் முயலாதே, ஐதரசனும் ஒட்சிசனும் கலந்தே வரும், வெடிக்கும்.

உப்புவெளிப் பொடியன்:
சரி அண்ணை, ஐதரசனை விட்டேன். இரண்டு போத்தலும் வைத்துப் பார்த்தேன். இருட்டில் இருந்தது கொஞ்சம்தான் வெளுத்தது, தூள் போடாமல் வெயிலில் வைத்தது அதைவிட வெளுத்துவிட்டது. இனி முதலிலிருந்து கணக்குப் பார்க்கவேண்டும்.