தொலைநிலை பிசிஏ, பிஎஸ்சி: கடைசி ஆறு மாதத்தில் வேலைக்கு எப்படித் தயார்செய்வது?

ஞாயிறு_வகுப்பு:
வணக்கம். தொலைநிலைக் கல்வி மையத்தில் பிசிஏ இறுதியாண்டுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதே மையத்தில் பிஎஸ்சி வேதியியலும் உண்டு. பெரும்பாலோர் பகலில் ஜவுளிக்கடை, ஸ்பின்னிங் மில், கூரியர் ஆபீஸ் என்று வேலையில் இருப்பவர்கள். வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் படிப்புக்குக் கிடைக்காது. பாஸாகிவிடுகிறார்கள், ஆனால் படிப்புக்கேற்ற வேலைக்கு விண்ணப்பித்தால் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை. மிச்சமிருக்கும் நேரத்தை எதில் போடச் சொல்வது? ஆன்லைன் சான்றிதழ்களிலா, புராஜெக்டிலா?

அரைப்புள்ளி:
பிசிஏவுக்கு மட்டும் சொல்கிறேன். முக்கால்வாசி நேரம் புராஜெக்டுக்கு. எப்படியும் பாடத்திட்டத்தில் இருப்பதுதான், அதையே உருப்படியாகச் செய்யலாம். காசு கொடுத்து வாங்கும் 'நூலக மேலாண்மை' புராஜெக்ட் வேண்டவே வேண்டாம். "இந்த டேபிளில் இந்த நெடுவரிசை (column) எதற்கு?" என்ற ஒரே கேள்வியில் குட்டு உடைந்துவிடும்.

தலைப்பை அவரவர் வேலை பார்க்கும் இடத்திலிருந்து எடுக்கட்டும். ஜவுளிக்கடைக்காரர் என்றால் ஸ்டாக்கும் பில்லிங்கும். பைத்தான் மொழி, அதில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்க், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போதும். சரக்கு, சரக்கு வரத்து, வாடிக்கையாளர், பில், பில் அயிட்டம் என்று ஐந்து டேபிள். பார்க்கச் சின்னதுதான், ஆனால் இதில் மூன்று நிஜச் சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. நேர்காணலில் பேச விஷயமே அவைதான்.

முதலாவது பணம். ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைத்தால் 0.1 + 0.2 சரியாக 0.3 ஆகாது. ஜிஎஸ்டி கூட்டும்போது பைசா இடறும். டேட்டாபேஸில் நியூமெரிக், பைத்தானில் டெசிமல் என்று துல்லியமான வகையில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கடைசியாக இருக்கும் ஒரு சேலையை இரண்டு கவுன்ட்டரில் ஒரே நேரத்தில் பில் போடுவது. இருப்பை முதலில் படித்துவிட்டுப் பிறகு கழித்தால் இரண்டு பில்லும் போய்விடும், ஸ்டாக் மைனஸில் நிற்கும். 'இருப்பு போதுமென்றால் மட்டும் கழி' என்ற நிபந்தனையை அப்டேட் வாக்கியத்துக்குள்ளேயே எழுதி, டேபிளில் எத்தனை ரோ (வரிசை) மாறியது என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் என்றால் அந்த பில் முழுவதையும் ரோல்பேக் செய்துவிட வேண்டும், அதாவது பழைய நிலைக்கே திருப்ப வேண்டும்.

மூன்றாவது, இன்று விலையை மாற்றினால் போன மாத பில் மாறக்கூடாது. விற்ற அன்றைய விலையும் வரி விகிதமும் பில் அயிட்டத்திலேயே பதிவாக வேண்டும்.

கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். கடைசி நாளில் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக (பதிவாக) ஏற்றினால் எங்கோ வாங்கியது என்றுதான் நினைப்பார்கள். பாஸ்வேர்டு இருக்கும் கோப்பை, கிட்டில் ஏறக்கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஏறிவிட்டால் கோப்பை அழித்தும் பயனில்லை, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றியாக வேண்டும். கடையின் நிஜ வாடிக்கையாளர்களின் போன் நம்பரை மாதிரித் தரவாக ஏற்றவே கூடாது.

புராஜெக்டை இணையத்தில் ஓட்டும் இலவச ஹோஸ்டிங் பலவும் ஆள் வராத நேரத்தில் தூங்கிவிடும். திறக்க நேரமானால் பார்ப்பவர் மூடிவிட்டுப் போய்விடுவார். அதனால் ரீட்மியின் (புராஜெக்டை விளக்கும் கோப்பு) தலையிலேயே இரண்டு நிமிட ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒன்றுக்கு லிங்க் கொடுங்கள். பிறகு வகுப்பிலேயே ஒரு சோதனை: வேறொருவர் தன் லேப்டாப்பில் ரீட்மியை மட்டும் படித்து இதை ஓட்ட வேண்டும், எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. பாதிப் பேருக்கு டேபிள் உருவாக்கும் ஸ்கிரிப்ட் இல்லாமலோ, தேவையான லைப்ரரிகளின் பட்டியல் இல்லாமலோ நின்றுவிடும்.

சான்றிதழ் வேண்டுமென்றால் டேட்டாபேஸில் என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடங்கள்) ஒன்று போதும். பாடம் இலவசம், நேரில் எழுதும் தேர்வுக்குத்தான் கட்டணம். அசைன்மென்ட் 25, தேர்வு 75. சான்றிதழுக்கு அசைன்மென்டில் 10, தேர்வில் 30, இரண்டுமே வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு, எனவே மில்லில் ஷிஃப்ட் மாறி ஒன்றிரண்டு வாரம் விட்டுப்போனாலும் பயப்பட வேண்டாம்.

பியூரெட்:
வேதியியல் மாணவர்களுக்கு: ஆய்வக வகுப்பு குறைந்த நாட்களுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும், அதில் வேடிக்கை பார்த்துவிட்டு ரெக்கார்டைக் காப்பியடிப்பவர்கள்தான் பிறகு திணறுகிறார்கள். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஃப்ரெஷரிடம் எச்பிஎல்சி (கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) தெரியுமா என்று கேட்டாலும், தெரியாவிட்டால் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருப்பார்கள். அடிப்படை தெரியாதவரைத்தான் எடுக்க மாட்டார்கள்.

0.1 நார்மல் (செறிவின் அளவு) சோடியம் ஹைட்ராக்சைடு தயாரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 4 கிராம் எடை போட்டதோடு முடியாது. அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், எனவே எடையை நம்ப முடியாது. உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் ஏறத்தாழ 0.51 கிராம் (மூலக்கூறு எடை 204.22) எடுத்து, ஃபீனால்ஃப்தலீன் போட்டு டைட்ரேட் செய்தால் (பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால்) 25 மில்லி அளவில் நிறம் மாறும் முடிவுப்புள்ளி வர வேண்டும். எவ்வளவு வந்ததோ அதை வைத்துத்தான் சரியான நார்மாலிட்டி.

பியூரெட்டை நிரப்பப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும், கோனிக்கல் ஃப்ளாஸ்க்கைத் தண்ணீரால் மட்டும். ஏன் என்று கேளுங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் பாருங்கள்.

பதிவேடு எழுதும் பழக்கமும் இப்போதே வரட்டும். தப்பான அளவை அழிக்கக்கூடாது, ஒயிட்னர் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான அளவு, காரணம், சுருக்கொப்பம், தேதி. மருந்துத் தொழிற்சாலைகளில் இதில் சமரசமே கிடையாது.

ஞாயிறு_வகுப்பு:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று: 'தொலைநிலை' என்று ரெஸ்யூமேயில் போட்டால் ஒதுக்கிவிடுவார்கள், சும்மா பிசிஏ என்று போட்டு விண்ணப்பத்தில் 'முழுநேரம்' என்று டிக் செய்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சரியா?

கோப்புக்கட்டு:
டிக் செய்யவே கூடாது. வேலை கிடைத்தபின் சரிபார்ப்பில் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்பார்கள். பிஎஃப் பிடித்த வேலையில் இருந்தவர் என்றால் யூஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) வரலாற்றில் அதே மூன்று வருடமும் வேலை தெரியும். முழுநேரக் கல்லூரியும் முழுநேர வேலையும் ஒன்றாக எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. ஆஃபர் அங்கேயே ரத்தாகும். தொலைநிலை என்று எழுதினால் அதே மூன்று வருடம் அனுபவமாக மாறுகிறது.

சட்டப்படி தகுதிக்குக் குறைவில்லை. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2020 விதிமுறைகளைக் காட்டி யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. ஆனால் தனியார் நிறுவனம் 'முழுநேரப் படிப்பு மட்டும்' என்று தன் அறிவிப்பில் போட்டுக்கொள்ளலாம், பெரிய அளவில் ஃப்ரெஷர் எடுப்பவர்கள் சிலர் போடவும் செய்கிறார்கள். அங்கே நேரத்தை வீணாக்காமல் சிறிய மென்பொருள் நிறுவனங்கள், மில்களுக்கு ஈஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருள்) செய்து கொடுப்பவர்கள், தாங்கள் வேலை பார்க்கும் மில்லின் இடிபி (கணினித் தரவு) பிரிவு என்று போவது மேல். மில்லின் நூல் கணக்கு தெரிந்த புரோகிராமர் அங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அல்ல, படிப்புக்கும் சேர்ந்த கல்வியாண்டுக்கும்தான். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) தளத்தில் அந்தந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்து பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரசு வேலைக்குப் போக நினைப்பவர்கள் 10+2+3 வரிசை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கு அங்கேதான் சிக்கல். இதே மாணவர்களிடம் யாராவது தொலைநிலையில் பி.இ. தருகிறோம் என்று வந்தால் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொறியியலைத் தொலைநிலையில் நடத்த அனுமதி கிடையாது.