மூளை அலையில் ஆடும் கேம்: ஆடுவது மூளையா, தாடைத் தசையா?

களுதாவளையான்:
டோஹாவில் இருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான், மூளை அலையை அளந்து கேமை ஆட்டுவிப்பதாகச் சொல்லி விற்கப்படும், நெற்றியில் ஒரே ஒரு மின்வாய் படும்படி அணிகின்ற ஹெட்செட் ஒன்றைக் கொண்டு வந்தார். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே தேவையில்லை. கவனம் கூடினால் திரையிலுள்ள பறவை எழும், தளர்ந்தால் தாழும் என்பதே ஆட்டம். முதல் நாள் வீடே கூடி நின்று வியந்தது. மூன்றாம் நாள்தான், கவனத்தைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டு நான் பல்லைக் கடிக்கும் போதெல்லாம் பறவை பாய்ந்து எழுவதைக் கண்டேன். முகத்தைத் தளர்த்தி வைத்துக்கொண்டு கடினமான மனக்கணக்குகளைப் போட்டபோது அது அசையவே இல்லை. என் வாதம் இதுதான்: ‘இதை நான் செய்தேன்’ என்ற உறுதியை ஆடுபவருக்குத் தராத எதுவும் விளையாட்டு ஆகாது. கிட்டி அடிக்கும் சிறுவனுக்குக்கூட, அடி தவறினால் கை எங்கே பிழைத்தது என்று தெரியும்.

ஒலுவில் வாசி:
களுதாவளை அண்ணன் சொல்லும் அனுபவம் உண்மையானதே. ஆனால் மலிவான ஒரு கருவியின் குறையைத் துறை முழுவதன் மீதும் ஏற்றிவிட்டார். தலைத்தோலில் கிடைக்கும் மூளையின் மின்குறி சில பத்து மைக்ரோவோல்ற்று அளவே உடையது. தாடைத் தசை இறுகும்போது எழும் மின்குறி அதைப் பல மடங்கு விஞ்சிவிடும். முடியில்லாத இடம் என்ற வசதிக்காக நெற்றியில் மின்வாயை வைத்தால், கண்ணும் புருவமும் தாடையும் போடும் சத்தமே அதற்கு முதலில் கேட்கும். ஆய்வுகூடங்களில் உச்சந்தலையின் இருபுறமும் வைக்கிறார்கள். இடக்கையை அசைப்பதாக ஒருவர் கற்பனை செய்தால், வலப்புறத்தில் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் வரையான மீடிறனில் அலையின் வலிமை குறையும். வலக்கை என்றால் இடப்புறத்தில் குறையும். பல்லைக் கடித்து இந்த வேறுபாட்டை உண்டாக்குவது எளிதன்று. 2016 ஒக்டோபரில் சூரிச் அருகே நடந்த, மாற்றுத்திறனாளிகள் உதவிக் கருவிகளுடன் மோதும் சைபத்லோன் போட்டியில், கைகால் இயங்காதவர்கள் மூளைக் குறிகளாலேயே திரையில் தத்தம் ஓட்டக்காரர்களைச் செலுத்தினார்கள். பாதையின் சில பகுதிகளில் எந்தக் கட்டளையும் தரக்கூடாது, தந்தால் ஓட்டம் தளரும். மனத்தைச் சும்மா வைத்திருப்பதையும் ஒரு திறமையாக எண்ணிப் புள்ளி தரும் ஆட்டம் அது.

ஆரையம்பதி ஆசிரியர்:
இருவரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆடுகின்ற பிள்ளையின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். தம்பி சொன்ன கற்பனை அசைவு முறையில், ஏறத்தாழ 15 முதல் 30 சதவீதமானோரால் போதிய கட்டுப்பாட்டை எட்ட முடிவதில்லை என்று ஆய்வாளர்களே எழுதி வருகிறார்கள். ஜோய்ஸ்டிக் பழுதானால் பிள்ளை ஜோய்ஸ்டிக்கைத் திட்டும். இங்கோ பறவை எழாவிட்டால் ‘உனக்குக் கவனம் இல்லை’ என்று திரை தீர்ப்புச் சொல்கிறது. வீட்டிலும் ரியூசனிலும் அதையே கேட்டுப் பழகிய நம் பிள்ளை அதை அப்படியே நம்பிவிடுகிறது. உண்மைக் காரணம் நெற்றியில் வழிந்த தேங்காயெண்ணெயாகவோ, சித்திரை வெயிலின் வியர்வையாகவோ, வடிகட்டிய பின்னும் எஞ்சி நிற்கின்ற 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலாகவோ இருக்கலாம். திரையில் சிமிட்டும் கட்டங்களில் எதை உற்று நோக்குகிறோம் என்பதை மூளைக் குறியிலிருந்து அறியும் வகை ஆட்டத்தில் பயிற்சி அவ்வளவாகத் தேவைப்படாது என்பது உண்மையே. ஆயினும் 1997 டிசெம்பரில் ஜப்பானில், போக்கிமொன் தொடரில் சிவப்பும் நீலமுமாக ஒளி மின்னியதால் 600 இற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டதை நான் மறக்கவில்லை.

கல்லடித் தங்கை:
சேர், நீங்கள் மூவரும் கை இயங்குகின்றவர்களின் பக்கத்தில் இருந்தே எழுதுகிறீர்கள். ஓட்டோ விபத்தில் கழுத்து முள்ளந்தண்டு முறிந்து நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் என் அண்ணா, ஒரு காலத்தில் எங்கள் ஒழுங்கையில் கரம் விளையாட்டில் யாராலும் வெல்லப்படாதவர். நியூராலிங்க் நிறுவனத்தின் மூளைக் கருவி 2024 ஜனவரியில் மனிதரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட, கைகால் இயங்காத நோலண்ட் ஆர்பா, இரவு முழுவதும் சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டத்தை ஆடியதாகச் சொன்னதை அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

களுதாவளையான்:
தங்கச்சி, உங்கள் அண்ணாவை நினைக்காமல் எழுதியது என் பிழைதான். ஆனால் பொய்யான நம்பிக்கையையும் தர விரும்பவில்லை. அது மண்டையோட்டைத் திறந்து, 1,024 மின்வாய்களைக் கொண்ட நுண்ணிழைகளை மூளைக்குள் செலுத்திய சத்திரசிகிச்சை. சில வாரங்களில் இழைகள் பல பின்வாங்கிக் கட்டுப்பாடு குறைந்து, மென்பொருளைத் திருத்திய பின்னரே அவரால் மீண்டும் நன்றாக ஆட முடிந்தது. மட்டக்களப்பில் நமக்குக் கிடைக்கக்கூடியது நெற்றி ஹெட்செட்தான். அதைவிடக் கண்ணசைவைப் பின்தொடரும் கமெரா விரைவானது.

கல்லடித் தங்கை:
கமெராவும் வைத்துப் பார்த்தோம். பார்ப்பதற்கும் அழுத்துவதற்கும் ஒரே கண் என்பதால், பார்த்த இடமெல்லாம் அழுத்தப்பட்டு ஆட்டம் குழம்புகிறது. அவருக்கு வேண்டியது ஒரு பொத்தான் மட்டுமே. இடத்தைக் கண் காட்டும், ‘ஆம்’ என்று சொல்ல இன்னொன்று வேண்டும். களுதாவளை அண்ணா, பல்லைக் கடித்தால் பறவை தவறாமல் எழுகிறது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். என் அண்ணாவுக்குத் தாடை நன்றாக இயங்குகிறது.

ஒலுவில் வாசி:
அப்படியானால் அது மூளைக் குறி அன்று, தசைக் குறி. இந்தத் தலைப்பில் என் வாதமே அடிபட்டுப் போகிறது. இருந்தாலும் கடியின் குறியை மட்டும் பிரித்தெடுத்துக் கமெராவுடன் இணைக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதித் தர என்னால் முடியும்.

ஆரையம்பதி ஆசிரியர்:
களுதாவளையார் தொடக்கத்தில் தந்த வரைவிலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். பல்லைக் கடிப்பவருக்கு ‘இதை நான் செய்தேன்’ என்ற உறுதி இருக்கிறதல்லவா?

களுதாவளையான்:
இருக்கிறது சேர். மூளையால் ஆடுவது என்று அந்தப் பெட்டியில் அச்சிட்டிருப்பது பொய் என்பதில் இன்னும் மாற்றமில்லை. ஆனால் அது விளையாட்டு ஆகாது என்று எழுதியதை மீளப் பெறுகிறேன். மச்சான் ஹெட்செட்டை எனக்கே விட்டுச் சென்றுவிட்டார். சனிக்கிழமை பின்னேரம் கல்லடிக்குக் கொண்டு வருகிறேன், ஒலுவில் தம்பியும் வரட்டும். தங்கச்சி, அன்றைக்கு மட்டும் அண்ணாவின் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம்.