மேலாளர் படிக்கிறார் என்று தெரிந்த பிறகு எப்படி எழுதுவது?

வைகைக்கரை:
ஆறு ஆண்டுகளாக என் சொந்தப் பெயரில் வலைப்பதிவு எழுதுகிறேன். சென்ற மாதம் தேநீர் இடைவேளையில் மேலாளர், "உங்கள் அம்மாவின் டயாலிசிஸ் பற்றிய பதிவைப் படித்தேன், மனது கனத்துவிட்டது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றிரவே அதையும், கூடவே பதினொரு பதிவுகளையும் நீக்கிவிட்டேன். வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்கு ஓடுகிறவன் என்பது பதவி உயர்வின்போது அவர் நினைவுக்கு வராமலா போகும்? இப்போது மாம்பழ வகைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சு ஒட்டவில்லை.

தராசுமுள்:
ஊர் நடுவே பேசிவிட்டு இன்னார் கேட்கக் கூடாது என்றால் எப்படி? நான் எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். அதில் ஒருவர், பெயர் குறிப்பிடாமல், சக ஊழியரின் மணமுறிவைப் பற்றி எழுதினார். யாரென்று அலுவலகம் முழுவதற்கும் புரிந்துவிட்டது. அந்தப் பெண் இரண்டு வாரம் சாப்பாட்டு அறைப் பக்கமே வரவில்லை. எழுதுபவரின் சுதந்திரம் பற்றிப் பேசும் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை.

அமெரிக்காவில் ஹெதர் ஆம்ஸ்ட்ராங், சக ஊழியர்களைப் பற்றித் தம் 'டூஸ்' தளத்தில் எழுதியதற்காக 2002இல் வேலையை இழந்தார். வலைப்பதிவால் வேலை போவதற்கு அந்தத் தளத்தின் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆயிற்று. மேலதிகாரிக்குத் தெரியாமல் வேலையைப் பற்றி எழுத வேண்டாம் என்று பின்னர் அவரே வாசகர்களை எச்சரித்தார்.

கரிசல்மண்:
வைகைக்கரை வேலையைப் பற்றி எழுதவே இல்லையே. 2005இல் கௌரவ் சப்னிஸ், ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் விளம்பரங்களைக் கேள்வி கேட்டுத் தம் பதிவில் எழுதினார். அவர் பணிபுரிந்த ஐபிஎம் கணினி நிறுவனத்துக்கும் அவர் எழுதியதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அந்தக் கல்வி நிறுவனம் ஐபிஎம்மை நெருக்கியது. மாணவர்கள் தங்கள் ஐபிஎம் மடிக்கணினிகளை எரிப்பார்கள் என்றது. ஐபிஎம் விலகச் சொல்லவில்லை. தம்மால் நிறுவனத்துக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவரே விலகினார். சொன்னதில் பின்வாங்கவில்லை என்பதால் அவர் மேல் எனக்குப் பெருமதிப்பு. ஆனால் வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவர்களில் எத்தனை பேரால் அது முடியும்?

மாடவிளக்கு:
புனைபெயரில் எழுதலாமே.

கரிசல்மண்:
இங்கிலாந்தில் ஒரு காவல் அதிகாரி 'நைட்ஜாக்' என்ற பெயரில்தான் எழுதினார். 2009இல் அரசியல் எழுத்துக்கான ஆர்வெல் பரிசும் வாங்கினார். அதே ஆண்டு ஒரு நாளிதழ் அவரைக் கண்டுபிடித்தது. பெயரை வெளியிடாமல் தடுக்க உயர் நீதிமன்றம் மறுத்தது. துறை அவருக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை கொடுத்தது. வலைப்பதிவும் மறைந்தது.

சுண்ணக்கட்டி:
நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு நடத்தை விதிகள் இருப்பதால் வாயே திறக்கக் கூடாது என்று பலர் நம்புகிறார்கள். அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு, விதிகளின் வரம்புக்குள் தன் கருத்தைச் சொல்லலாம் என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த ஊழியரை ஓய்வுபெறச் சில நாள்கள் இருக்கும்போது இடைநீக்கம் செய்திருந்தார்கள். தனியார் ஊழியருக்கு அந்தத் துணைகூட இல்லை என்பதுதான் என் கவலை.

வைகைக்கரை:
தராசுமுள் ஐயா, அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது கொடுமை. அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் அச்சம் வந்ததும் நான் நீக்கியவை எவை என்று பாருங்கள்: அம்மாவின் நோய், தூக்கமின்மை, கடன், அப்பாவோடு போட்ட சண்டை. பிறர் ரகசியம் ஒன்றுகூட இல்லை. என் பலவீனங்களைத்தான் ஒளித்தேன்.

தராசுமுள்:
ஒப்புக்கொள்கிறேன். ஆட்களைத் தேர்வு செய்யும்போது நானும் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறேன். கண்டது மனத்தில் தங்காது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆகவே கவனமாக எழுதுங்கள் என்பதில் மாற்றமில்லை. இன்னொன்று: அம்மாவின் நோயை எழுதும்முன் அம்மாவிடம் கேட்டீர்களா?

வைகைக்கரை:
கேட்கவில்லை. உங்கள் கேள்வி உறுத்தியது. நேற்று இரவு அவருக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். "ஊசி போடுவது இடது கையில். நீ வலது கை என்று எழுதியிருக்கிறாய்" என்றார். திருத்திவிட்டேன். இன்றிரவு அதை மீண்டும் ஏற்றுகிறேன். மற்ற பதினொன்றைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.