அருவிப் படத்தில் இருட்டு எவ்வளவு வரை தாங்கும்? (ஒளிப்பட விவாதம்; மூவரும் புனைபெயரில் எழுதுகிறார்கள்)

கல்லிடுக்கு:
இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே விழும் அருவியை, மழை ஓய்ந்த காலையில் எடுத்தேன். லென்ஸின் திறப்பு எஃப் 16 (எண் கூடினால் திறப்பு சிறிது), ஒளி விழுந்த நேரம் 4 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100; பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரை முழுவதுமாகத் திருப்பியிருந்தேன். இடது கீழ்மூலையில் ஈரக் கல்லின்மேல் ஒட்டிக்கிடந்த பழுத்த இலையைப் படத்தின் முன்பகுதியில் வைத்தேன். பிறகு கணினியில் நான்கு மூலைகளையும் இருட்டாக்கி, நிறத்தை நீலத்தின் பக்கம் நகர்த்தினேன். அங்கே நின்றபோது மனத்தில் இறங்கிய கனத்த அமைதி படத்தில் வந்திருக்கிறதா என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஈரப்பாறை:
இருட்டு வந்திருக்கிறது, அமைதி வரவில்லை. காரணங்களைச் சொல்கிறேன். இத்தகைய இடுக்கில் வெளிச்சம் மேலேயுள்ள திறப்பின் வழியாகத்தான் இறங்கும். ஆகவே வானத்தைப் பார்த்திருக்கும் மேற்பாறை வெளிறியும், கீழே போகப்போக மங்கியும் இருக்க வேண்டும். நீங்கள் நான்கு மூலைகளையும் ஒரே அளவாக இருட்டாக்கியதால், அந்த மேற்பாறை தனக்குக் கீழேயுள்ள குடைவைவிடக் கறுத்துக் கிடக்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், ஏதோ பொருந்தவில்லை என்று கண் உடனே கண்டுகொள்கிறது.

அடுத்தது தண்ணீர். 4 நொடியில் நீரிழைகள் அனைத்தும் ஒன்றாகக் கலந்து, தொங்கவிட்ட வெள்ளைத் துணிபோல் ஆகிவிட்டன. அதே வெளிச்சத்தில் எஃப் 8, ஐஎஸ்ஓ 200 என்று வைத்திருந்தால் அரை நொடி கிடைத்திருக்கும். நீரின் ஓட்டமும் தெரியும், இழைகளும் பிரிந்து நிற்கும். நீல நிறத்தைப் பொறுத்தவரை, அது பாசியின் பச்சையைக் கொன்றுவிட்டது.

மங்கலொளி:
ஈரப்பாறை அவர்களின் கூர்மையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. 4 நொடி நீரை எந்தக் கண்ணும் கண்டதில்லை. அரை நொடி நீரையும் கண்டதில்லை. அந்த நீரை ஏற்கும் நாம், கறுத்த பாறையை மட்டும் பொய் என்பது எப்படிச் சரியாகும்? அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நிலவெழும் சிற்றூரை எடுத்த புகழ்பெற்ற படத்தின் வானத்தை, பிற்காலப் பிரதிகளில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாகவே அச்சிட்டார். அந்தக் கறுப்பால்தான் அப்படம் நம்மை இன்றும் நிறுத்திவைக்கிறது.

மேலும், அருவியின் அடியிலுள்ள மடுவைப் பாருங்கள். நுரை மெல்லச் சுழன்று வட்டம் வட்டமாகக் கோடிட்டிருக்கிறது. அரை நொடியில் அது சிதறிய வெள்ளைப் புள்ளிகளாகவே விழுந்திருக்கும். நீங்கள் கேட்கும் அமைதி அந்தச் சுழலில்தான் இருக்கிறது.

ஈரப்பாறை:
சுழலைப் பற்றிச் சொன்னது சரி. நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். கேமரா முக்காலியை அசைக்காமல் இரண்டு படங்கள் எடுத்து, விழும் நீரை ஒன்றிலிருந்தும் மடுவை மற்றொன்றிலிருந்தும் சேர்த்திருக்கலாம். ஆனால் ஆடம்ஸ் எடுத்துக்காட்டு என் பக்கமே பேசுகிறது. அவர் வானத்தைக் கறுப்பாக்கினாரே தவிர, நிலத்தைக் கைவிடவில்லை. நிலப்பகுதி நெகட்டிவில் மெலிந்திருந்ததால், 1948-இல் அதன் கீழ்ப்பகுதியை மட்டும் மீண்டும் வேதிக்கரைசலில் இட்டு வலுவேற்றினார். எங்கே இருட்ட வேண்டும், எங்கே கூடாது என்று இடம் பார்த்துச் செய்த வேலை அது. இந்தப் படத்திலோ மூலை என்பதற்காகவே மூலை இருட்டியிருக்கிறது.

இருவருமே விட்ட ஒன்றும் உண்டு. இலையின் விளிம்பில் ஒரு நீர்த்துளி தெளிவாக நிற்கிறது. ஆனால் அதைத் தாங்கும் கல் காய்ந்த கல்போல் தெரிகிறது. போலரைசரை முழுவதும் திருப்பியபோது இலையின் கூசும் வெளிச்சத்தோடு கல்லின் ஈர மினுக்கமும் போய்விட்டது. மழைக்குப் பிந்தைய காலை என்று நீங்கள் எழுதியிராவிட்டால் நான் அறிந்திருக்க மாட்டேன். பாதி திருப்பியிருந்தால் இலையின் தெளிவும் கல்லின் மினுக்கமும் நின்றிருக்கும்.

மங்கலொளி:
கல்லைப் பற்றி மறுக்க எனக்கு எதுவும் இல்லை. அந்த மினுக்கம் இருந்திருந்தால், இவ்வளவு கறுப்பைச் சேர்க்கும் தேவையே எழுந்திராது.

கல்லிடுக்கு:
கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத ரா கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். மூலை இருட்டை நீக்கி, மேற்பாறையைச் சற்றுத் திறந்து, கீழ்நோக்கி மட்டும் படிப்படியாக மங்கவிட்டேன். நீலத்தைக் குறைத்ததும் பாசி உயிர்பெற்றது. பழுத்த இலையின் மஞ்சளும் தானாகவே மேலெழுந்தது. வலப்பாறையின் அடியிலுள்ள முழுக் கறுப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கல்லின் மினுக்கத்தைக் கணினியில் மீட்க முடியவில்லை. அதற்கு இன்னொரு மழைக்குப் பிறகு போக வேண்டும்.

ஈரப்பாறை:
இப்போது கண் இலையில் தொடங்கி, சுழலில் ஒருமுறை சுற்றி, அருவியின் வழியே மேலே ஏறுகிறது. வலப்பக்கக் கறுப்பில் ஒரு வெடிப்புக்கோடாவது தெரிய வேண்டும் என்றே இன்னமும் கேட்பேன்.

மங்கலொளி:
நான் அதை அப்படியே விடச் சொல்வேன். அந்தக் கறுப்பில் சாய்ந்துதான் நீரின் வெண்மை நிற்கிறது.