பாண்டிச்சேரி கொள்ளுத்தாத்தா 1881க்கு முன் பதிவில் கிடைக்கவில்லை

கேள்வி: வம்சாவளி ஆய்வு மேல்நிலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் 1881க்கு முன் ஒன்றுமில்லை. ஏன்?

பதில் 1: அந்தக் குடும்பப் பெயரே அப்போது இருந்திருக்காது. 1881 செப்டம்பர் 21 பிரெஞ்சு ஆணைப்படி 'ரெனோன்சான்' (தங்கள் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்) ஆனவர்கள் எடுத்துக்கொண்டது அது. முந்தைய பதிவுகளில் ஆளின் பெயர், அப்பா பெயர்தான். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள காலனிப் பதிவுகளுக்கான அரசுக் காப்பகத்தின் இணையதளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இலவசமாகப் பார்க்கலாம். சுப்பராயன் என்றால் 'எஸ்-ஓ-யு' (Sou) என்று தொடங்கும் பெயர்களில் பாருங்க. 'உ' ஒலியை பிரெஞ்சு குமாஸ்தா 'ஓ-யு' (ou) என்றுதான் எழுதுவார். முதலில் திருமணப் பதிவு. இரு தரப்புப் பெற்றோர் பெயரும் அதில் இருக்கும்.

பதில் 2: தாத்தா பெயர்தானே பேரனுக்கும்! வயதைச் சரிபார்க்காவிட்டால் ரெண்டு தலைமுறை ஒன்றாகிவிடும்.

பதில் 3: குடும்பம் கடலூர்ப் பக்கம் என்றால், அங்கே அப்போது பிரிட்டிஷ் ஆட்சி, இந்தப் பிரெஞ்சுப் பதிவேடு உதவாது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் தேடுங்க, வாரிசுகள் அப்பா பெயரோடு வருவார்கள்.